ஊட்டிக் குளிருக்கு ஆயில் ஹீட்டர்: வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். 11 ஃபின் (சூடு பரப்பும் உலோகத் தகடு) உள்ள, கையால் திருகும் குமிழ் வைத்த சாதாரண மாடல் போதும். ரிமோட், டிஜிட்டல் திரை, வைஃபை எல்லாம் பெரியவர்கள் இருக்கும் அறைக்குத் தேவையே இல்லை. கூடவே முந்நூறு ரூபாய்க்குள் சுவரில் மாட்டுகிற அறை வெப்பமானி ஒன்றும் வாங்கிவிடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது கையில் பணம் இருக்கிறது என்றால் வெப்பமானியை முதலில் வாங்கச் சொல்வேன்.

பிராண்டு பெயர் போடவில்லை. கடையில் வரிசையாக நிற்கிற நாலைந்து கம்பெனி ஹீட்டர்களுக்குள் பெயர்ப் பலகையைத் தவிரப் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, கீழே சாய்ந்தால் தானாக அணைகிறதா, வயர் தடிமனாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நான் வாங்கியது பத்தாயிரத்தை ஒட்டி வந்தது.

வீடு ஊட்டியில், இந்து நகர்ப் பக்கம். அப்பா ஃபிலிம் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதான், மூடிக் கிடக்கிற இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். வயது 79. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை. அம்மாவுக்கு 74, முழங்கால்தான் தொந்தரவு. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். 'ரெண்டு மாசம் கீழே வந்து இருங்களேன்' என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். கோவை வெயில் அப்பாவுக்கு ஆகாது, கொசு அம்மாவுக்கு ஆகாது. ஆக, குளிரை அங்கேயே வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு உறைபனி என்றால் ரேஸ் கோர்ஸில் புல் வெளுத்துக் கிடப்பதைப் படம் எடுப்பது. 2,240 மீட்டர் உயரத்தில் வருஷம் முழுக்க இருப்பவர்களுக்கு அது நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை நீளும் விவகாரம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். சூரியன் இறங்கியதும் கதை மாறிவிடும். மேகம் இல்லாத ராத்திரியில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளமான இடங்களில் தேங்கும். தலைகுந்தாவும் காந்தலும் எப்போதும் முதலில் வெளுப்பது இதனால்தான். மேகம் மூடிய ராத்திரி பரவாயில்லை. நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற ராத்திரிக்குத்தான் பயப்பட வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் கணப்பு இருக்கும். எங்கள் வீடு மாதிரியானவற்றில் மேலே ஷீட், அதன் கீழே பலகைக் கூரை, தரையில் சிவப்பு சிமென்ட், அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்கு அறைக்குள் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூடும் விடிகிற நேரத்துக்குள் போய்விடும்.

இப்போது வெப்பமானி விஷயம். அப்பாவிடம் 'குளிருதாப்பா' என்று கேட்டால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணும் குளிரலைடா." இதை வீம்பு என்றே வெகுநாள் நினைத்தோம். பிரஷருக்குப் பார்க்கிற டாக்டர்தான் விளக்கினார். வயதானால் குளிரை உணர்வதே மங்கிவிடுமாம். நமக்கு உடம்பு நடுங்கும், பல் கிட்டும். அவர்களுக்கு அந்த நடுக்கம்கூடச் சரியாக வராமல் போகலாம். அப்பா பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. அப்போது ஆள் 'குளிருது' என்று சொல்வதைவிட, பேச்சுக் குழறுவது, காரணமில்லாமல் தூங்கி வழிவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது இப்படித்தான் வெளியே தெரியுமாம். வயசானதால் தடுமாறுகிறார் என்று நாம் விட்டுவிடுவோம்.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலில், குளிர்ப் பகுதிகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறது. வெப்பமானியை மாட்டிய முதல் விடியற்காலையில் அப்பாவின் கட்டில் பக்கத்தில் அது காட்டியது 11. அவர் போர்வைக்குள் இருந்து "இன்னிக்கு அவ்வளவா இல்லை" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் வாக்குவாதம் பாதியாகக் குறைந்தது. 'குளிருதா, குளிரலையா' என்ற பேச்சே இல்லை. முள் 16-க்குக் கீழே வந்தால் ஹீட்டரைப் போட வேண்டும், அவ்வளவுதான். அம்மா அந்த எண்ணில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டார், கண்ணாடி போடாமலே தெரியட்டும் என்று. ஃபிலிம் கம்பெனியில் இருட்டறையில் டிகிரி பார்த்தே காலம் தள்ளியவர் அப்பா. மகன் பேச்சைக் கேட்காதவர் முள் சொன்னால் கேட்கிறார். 18-ஐ விட்டு 16-இல் ஏன் புள்ளி வைத்தோம் என்றால், எங்கள் ஷீட் வீட்டில் ராத்திரி முழுக்க 18-ஐப் பிடித்து வைக்க முடியாது. 16-இல் போட்டால் 17, 18 வரை ஏறி நிற்கும்.

சரி, ஹீட்டருக்கு வருவோம். பெயரைக் கேட்டுவிட்டு அம்மா முதலில் கேட்டது: "எண்ணெய் எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊத்தணும்?" ஊற்றவே வேண்டாம். எண்ணெய் உள்ளேயே அடைத்து வைத்தது. எரியாது, தீராது. உள்ளே இருக்கும் கம்பி எண்ணெயைச் சூடாக்கும், எண்ணெய் அந்த ஃபின்களைச் சூடாக்கும், ஃபின் அறைக் காற்றைச் சூடாக்கும். எதுவும் எரியாததால் அறையில் ஆக்ஸிஜன் குறையும் என்ற பயமும் வேண்டாம். பக்கத்து வீட்டு மாமா இதைச் சொல்லியே எங்களை ஒரு வருஷம் தள்ளிப்போட வைத்தார்.

நல்ல விஷயம், வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை. ஹாலஜன் ஹீட்டரில் செக்கச்செவேல் என்று கம்பி எரியும், தூக்கம் கெடும். இதில் போட்டதும் அணைத்ததும் டிக் டிக் என்று உலோகம் விரிகிற சத்தம் கொஞ்ச நேரம் வரும். முதல் ராத்திரி அப்பா அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார், பிறகு பழகிவிட்டது. எங்கள் மாடலில் முன்னால் ஒரு சின்ன ஃபேன் இருக்கிறது. அது மட்டும் போட்டால் இரையும். அதை நாங்கள் தொடுவதே இல்லை.

அதைவிட நல்ல விஷயம், கரண்ட் போனாலும் இந்தச் சூடு உடனே போய்விடாது. எண்ணெய் ஆறுவதற்கு முக்கால் மணி நேரம்போல ஆகும். ஊட்டியில் காற்று பலமாக அடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கரண்ட் போகும். இங்கேதான் குமிழ் மாடலின் அருமை தெரிந்தது. கரண்ட் திரும்பி வந்தால் அது விட்ட இடத்திலிருந்து தானாக ஓடும். டிஜிட்டல் மாடல்களில் பெரும்பாலும் மறுபடி பட்டனை அழுத்த வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு யார் எழுந்து அழுத்துவது?

குறை என்றால் வேகம். போட்டதும் சூடு வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது. எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் வித்தியாசம் தெரியவே அரை மணி நேரம் ஆகும். படுக்கப் போகிற நேரத்தில் போட்டால் பாதி பிரயோஜனம்தான். ஏழு மணிக்கு அம்மா சீரியல் பார்க்க உட்காரும்போதே படுக்கை அறையில் போட்டு, கதவைச் சாத்திவிட வேண்டும். கதவுக்கடியில் பழைய லுங்கியைச் சுருட்டி வைப்பது ஒரு பைசா செலவில்லாத வேலை. அது இல்லாவிட்டால் ஹீட்டர் வராந்தாவுக்கும் சேர்த்துத்தான் உழைக்கும்.

கனமும் ஒரு குறைதான். சக்கரம் இருக்கிறது, ஆனால் வாசற்படியைத் தாண்டித் தூக்க அம்மாவால் முடியாது. முதல் சீசன் முடிவதற்குள் ஒரு சக்கரத்தின் பிளாஸ்டிக் பிடி விட்டுப்போனது. வாரன்டியில் மாற்றித் தருவார்கள், ஆனால் சர்வீஸ் சென்டர் கோவையில். பதினைந்து கிலோ சாமானை மலையிலிருந்து இறக்கச் சொன்னார்கள், ஒரு சக்கரத்துக்காக! போனில் மன்றாடி பார்சலில் வரவழைத்தோம். சக்கரம் வரும்வரை செங்கல் முட்டுக் கொடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், சாய்ந்தால் அணைகிற சுவிட்சு அடியில்தான் இருக்கிறது.

இன்னொன்று, துணி. ஊட்டியில் துணி காய்வது என்பது பெரிய பாடு. சூடான ஃபின்களைப் பார்த்ததும் அம்மாவின் கை தானாக ஈர பனியனை எடுத்துக்கொண்டு போகும். ஹீட்டர்மேல் எதையும் போடக்கூடாது என்று அட்டையிலேயே படம் போட்டிருக்கிறது. மூடினால் சூடு உள்ளேயே ஏறி அணைந்துவிடும், அதுவும் வேலை செய்யாவிட்டால் துணி கருகும். இப்போது ஒரு துணி ஸ்டாண்ட் வாங்கி, மூன்றடி தள்ளி வைத்திருக்கிறோம். மேலே போடுகிற அளவுக்கு வேகமாகக் காயாது என்பது அம்மாவின் புகார்.

பிளக் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2500 வாட் முழு வேகத்தில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் கட்டில் பக்கத்தில் இருப்பது செல்போன் சார்ஜர் போடுகிற 6 ஆம்பியர் பிளக். கடைக்காரர், பெரிய பின்னைச் சின்ன பிளக்கில் சொருகுகிற கன்வெர்ட்டர் ஒன்றை இலவசமாகவே கையில் கொடுத்து, "எல்லாரும் இதுலதான் போடறாங்க சார்" என்றார். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள், உண்மைதான். எதிர் வீட்டில் போட்டு, பிளக் பழுப்பாகி, உருகி, சுவர் வரை கரி பிடித்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். கன்வெர்ட்டரும் வேண்டாம், எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வேண்டாம். எலெக்ட்ரீஷியனை வைத்து மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, 16 ஆம்பியர் பவர் பிளக்கும், லோடு மீறினால் தானாக கரண்டைத் துண்டிக்கிற எம்.சி.பி. சுவிட்சு ஒன்றும் தனியாகப் போட்டோம். ஹீட்டர் விலையில் கால் பங்கு இதற்கே ஆனது. ஹீட்டருக்கு பட்ஜெட் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள். கீஸர் ஓடும்போது ஹீட்டரை அணைத்துவிடுவது என்றும் ஒரு ஏற்பாடு.

அடுத்து, அப்பாவின் தேசியப் பிரச்சினை: கரண்ட் பில். ராத்திரி ஒரு மணிக்கு மெதுவாக எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து படுப்பார். காலையில் கேட்டால், "நல்லா சூடா இருந்துச்சு, எதுக்கு வேஸ்ட்டா" என்பார். விடியற்காலை நாலிலிருந்து ஆறு வரைதான் அதிகக் குளிர், பிரஷர் ஏறுவதும் அந்த நேரத்தில்தான் என்று டாக்டரே சொன்னபிறகும் இதே கதை. கடைசியில் அவருக்குக் கணக்கு போட்டுக் காட்டினேன். குமிழை 1000 வாட்டில் வைத்துப் பத்து மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 10 யூனிட். அறை சூடானதும் அதுவே விட்டு விட்டு ஓடுவதால் எங்கள் மீட்டரில் ஏறுவது ஆறு யூனிட்போல. இரண்டு மாதப் பில்லில் இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் சேர்த்து மொத்தம் 500-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பில் மிரட்டாது. தாண்டினால் கட்டணப் படி மாறி நிஜமாகவே கடிக்கும். மீட்டரைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். இப்போது தினமும் காலையில் எழுதுகிறார், 500-க்குள் நிற்கிற வரை ஹீட்டரில் கை வைப்பதில்லை. டிசம்பர் கடைசியில் மட்டும் கொஞ்சம் பதற்றமாக இருப்பார்.

இதற்கு முன்னால் வீட்டில் இருந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஹாலஜன் ஹீட்டர் விலை குறைவு, எதிரில் உட்கார்ந்தால் முகம் மட்டும் வேகும், முதுகு உறையும். அம்மாவின் முந்தானை அதன் கம்பிக்கு அருகில் போவதைப் பார்த்த அன்றே அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். புடவை கட்டுகிறவர்கள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். ஃபேன் ஹீட்டர் பாத்ரூம் போகும் முன் அறையைச் சட்டென்று சூடாக்க நல்லது, ராத்திரி முழுக்க அந்த இரைச்சலைத் தாங்க முடியாது, தொண்டையும் வறண்டுவிடும்.

இரும்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைப்பது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. அது மட்டும் கூடவே கூடாது. கதவு ஜன்னல் அடைத்த அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, புகை அடங்கிய கரியிலும் அது வரும். அப்படிக் கரியை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பலமுறை வந்திருக்கிறது. குளியலறைக்குள்ளேயே மாட்டுகிற கேஸ் கீஸரும் இதே ஆபத்துதான். எங்கள் வீட்டில் அதைக் கழற்றிவிட்டுக் கரண்ட் கீஸர் மாட்டியிருக்கிறோம்.

வெந்நீர்ப் பை அம்மாவின் முழங்காலுக்கு அருமை. ரப்பர் பை, மேலே கம்பளி உறை, கொதிக்கிற நீர் ஊற்றாமல் கை பொறுக்கிற சூட்டில். அப்பாவுக்கு அதைத் தருவதில்லை. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவது தெரியாது; காலையில் பார்த்தால் கொப்புளம் இருக்கும், அது ஆற மாதக்கணக்காகும். எலெக்ட்ரிக் போர்வைக்கும் இதே எச்சரிக்கை. மெத்தைமேல் விரிக்கிற வகை ஒன்று இருக்கிறது. படுப்பதற்கு அரை மணி முன்னால் போட்டுப் படுக்கையைச் சூடாக்கி, அவர் படுக்கும்போது பிளக்கையே பிடுங்கிவிடுகிறோம். குளிர்ந்த விரிப்பில் கால் வைக்கிற அந்த முதல் அதிர்ச்சி இல்லை என்பதே அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம். மடித்து வைத்தால் உள்ளே வயர் ஒடியும் என்பதால் சுருட்டித்தான் வைக்க வேண்டும். படுக்கையில் சிறுநீர் போகிறவர்களுக்கும், சுவிட்சை அவர்களே கையாள முடியாதவர்களுக்கும் இது வேண்டாம்.

சாக்ஸ் சின்ன விஷயம், ஆனால் அதில்தான் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்கிறார்கள். குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும், ராத்திரி இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கும், கம்பளி சாக்ஸ் சிவப்பு சிமென்ட் தரையில் வழுக்கும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஆள் நடந்தால் எரிகிற சின்ன விளக்கு ஒன்றை கட்டிலிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் தாழ்வாக ஒட்டியிருக்கிறோம். அடிக்கடி எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள், அதையும் கவனிக்க வேண்டும். ஃபிளாஸ்க்கில் சுக்கு வெந்நீர் வைத்தால் அப்பா குடித்துவிடுகிறார், வெறும் வெந்நீர் வைத்தால் அப்படியே இருக்கிறது.

ஹீட்டரால் தீராதது பாத்ரூம்தான். ஈரத்துக்குள் அதைக் கொண்டுபோக முடியாது, கொண்டுபோகவும் கூடாது. காலை ஆறு மணிக் குளியல் அப்பாவுக்கு ஐம்பது வருஷப் பழக்கம், ஷிஃப்ட் வேலையில் வந்தது. வெயில் ஜன்னலுக்கு வருகிற பதினொரு மணிக்கு அதை மாற்றுவதற்குள் எனக்கும் அம்மாவுக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. சனிக்கிழமை மட்டும் எண்ணெய்க் குளியல் என்று சொல்லி இன்னமும் விடியலில் நழுவப் பார்க்கிறார். அங்கே சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்த ஆள் சொல்லியிருக்கிறோம். தேயிலை வேலை குறைந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார்.